நாலாவது மணி நேரம்

ஜெராக்ஸ் மெக்கானிக்கின் மனைவிக்குச் சும்மா உட்காரத் தெரியாது. பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தால்கூட மடியில் இருக்கும் பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டே வருவாள். பேக்கரியில் கேக்கின் மேல் பெயர் எழுதுவது அவள் வேலை. க்ரீம் நிரப்பிய கூம்பைக் கையில் எடுத்தாளென்றால், எதிரே நிற்பவர் பெயரைச் சொல்லி வாய் மூடுவதற்குள் கடைசி எழுத்தின் வாலைச் சுழித்து முடித்திருப்பாள். தெருவில் அவளுக்குக் கேக்கக்கா என்றே பெயர். அப்படிப்பட்டவளுடைய சிறுநீரகம் இரண்டும் கையை விரித்துவிட்டன. வாரத்தில் மூன்று நாள், சாய்வு நாற்காலியில் நாலு மணி நேரம் அசையாமல் கிட என்றால் எப்படிக் கிடப்பாள்?

இடது கையில் இரண்டு ஊசிகள். அந்தக் கையை மடக்கக் கூடாது, தூக்கக் கூடாது. ரத்தம் ஒரு குழாய் வழியாக வெளியே போய், பக்கத்தில் நிற்கும் மெஷினில் சுத்தமாகி, இன்னொரு குழாய் வழியாகத் திரும்பி வரும். வலது கைக்கு மட்டும் வேலையில்லை. அது போர்வையின் ஓரத்தைச் சுருட்டும், பிரிக்கும், மறுபடி சுருட்டும்.

"வலியெல்லாம் ஒண்ணும் இல்லைங்க. இந்தச் சும்மா கிடக்கிறதுதான் உயிர் போகுது" என்பாள்.

முதல் மூன்று மணி நேரத்தை எப்படியோ பேசியும் தூங்கியும் தள்ளிவிடுவாள். நாலாவதுதான் எமன். கடிகார முள் கோந்து போட்டு ஒட்டினதுபோல நிற்கும். கால் குறுகுறுக்கும், தலை கனக்கும், கூரையில் ஓடும் மின்விசிறியின் சத்தம்கூட எரிச்சலைக் கிளப்பும். ஒருநாள் அவளுக்குப் பொறுக்கவில்லை. "சிஸ்டர், இன்னைக்கு இது போதும், கழட்டிடுங்க" என்றாள். நோயாளி பிடிவாதமாகக் கேட்டால் அவர்களும் என்ன செய்வார்கள்? கையெழுத்து வாங்கிக்கொண்டு கழற்றிவிட்டார்கள். அதற்குப் பிறகு அதுவே பழக்கமானது.

உடம்பு சும்மா விடுமா? கணுக்கால் வீங்கியது. படி ஏறினால் மூச்சு வாங்கியது. டாக்டர் மெக்கானிக்கைத் தனியாகக் கூப்பிட்டார். "மிச்சம் வைக்கிற அந்த ஒரு மணி நேரத்து நீரும் கழிவும் உள்ளேயே சேருதுங்க. இப்படியே போனா இதயத்தைப் பிடிச்சிடும். நீங்கதான் எடுத்துச் சொல்லணும்" என்றார்.

எடுத்துச் சொன்னால் கேட்கிற ஆளா அவள்? "நீங்க வந்து என் நாற்காலியில நாலு மணி நேரம் படுங்க பாப்போம்" என்று ஒரே போடாகப் போட்டாள்.

நாற்காலி என்ன, சிறுநீரகத்தையே கொடுக்கத் தயாராகத்தான் இருந்தான் மெக்கானிக். பரிசோதனைக்கும் போனான். அவனுக்கே சர்க்கரை இருக்கிறது, எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அன்று வண்டி நிறுத்துமிடத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றவனை அவள்தான் தேற்றினாள். "விடுங்க. உங்க கிட்னி வந்தாலும் உங்களை மாதிரி மறதிக் கிட்னியாத்தான் இருக்கும். வேலை செய்ய மறந்துட்டா நான் என்ன பண்றது?" சிரித்தான். ஆனால் தன்னால் ஒன்றும் கொடுக்க முடியவில்லையே என்பது உள்ளுக்குள் முள்ளாக நின்றுவிட்டது.

ஓர் அலுவலகத்தில் ஜெராக்ஸ் மெஷினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. வரவேற்பு மேசையில் இருந்த பெண் போனில் கட்டை அடுக்கும் விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தாள். மேலேயிருந்து விழும் கட்டைகளைத் திருப்பித் திருப்பி இடைவெளி இல்லாமல் அடுக்க வேண்டும். ஒரு வரிசை நிரம்பினால் அது மறையும். கல்யாணமான புதிதில் மனைவியிடம் அப்படியொரு கையடக்க விளையாட்டுப் பெட்டி இருந்தது. அதைக் கையில் எடுத்தால் அடுப்பில் பால் பொங்குவதும் தெரியாது, கட்டினவன் வீட்டுக்கு வந்ததும் தெரியாது.

அன்று மாலையே கடைகடையாக ஏறி இறங்கினான். எல்லாப் பெட்டிகளும் இரண்டு கைக்காரர்களுக்காகச் செய்தவை. இடது கட்டைவிரலுக்கு நாலு பொத்தான், வலதுக்கு நாலு பொத்தான். போனைக் கொடுத்துப் பார்த்தான். ஒரே கையால் பிடிக்கவும் வேண்டும், அதே கைவிரலால் தேய்க்கவும் வேண்டும் என்றதும் மணிக்கட்டு பிடித்துக்கொண்டது.

"சரி, நாமே செஞ்சிடுவோம்" என்று முடிவு செய்தான்.

ஜெராக்ஸ் மெஷினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டுகிறவனுக்கு இது என்ன பிரமாதம் என்று நினைத்தான். நினைத்தது பாதி சரி. உள்ளங்கையில் அடங்கும் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் பலகை வாங்கினான். ஒரு சின்னத் திரை, ஒரு சின்ன ஸ்பீக்கர். இலவசமாகக் கிடைத்த கட்டை விளையாட்டை, வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து அதில் ஏற்றினான். காயலான் கடைக்குப் போகவிருந்த ஒரு ஜெராக்ஸ் மெஷினின் முகப்பிலிருந்து பொத்தான்களைக் கழற்றி எல்லாவற்றையும் வலது பக்கமே பொருத்தினான். பச்சைப் பொத்தானை அழுத்தினால் கட்டை திரும்பும், சிவப்பை அழுத்தினால் தொப்பென்று கீழே விழும். பேக்கரியில் செர்ரிப் பழம் வந்த ஒரு கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் டப்பாதான் உடம்பு. மடியில் வைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் ஆடலாம்.

எல்லாம் சரி, மின்சாரம்? வார்டில் இருக்கும் பிளக்குகள் மெஷின்களுக்கு மட்டும். பவர் பேங்க் வைத்து ஒயர் இழுக்கலாமா என்று கேட்டதற்குத் தலைமை நர்ஸ் ஒரேயடியாக மறுத்துவிட்டார். ரத்தம் ஓடும் குழாய்களுக்குப் பக்கத்தில் வேறு எந்த ஒயரும் தொங்கக் கூடாது. அதில் நியாயம் இருந்தது. ஆக, பேட்டரி டப்பாவுக்குள்ளேயே இருக்க வேண்டும். நாலு மணி நேரம் தாங்கவும் வேண்டும்.

சார்ஜ் ஏற்றிக்கொள்ளும் பென்சில் செல் நாலை வரிசையாக மாட்டினான். வீட்டில் திரை பளிச்சென்று எரிந்தது. மனைவி தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"என்னங்க இது, செர்ரி டப்பாவுக்குக் கரண்ட் குடுத்திருக்கீங்க?"

"ஆடிப் பாரு."

ஆடினாள். கட்டைவிரல் பச்சைக்கும் சிவப்புக்கும் பறந்தது. அவள் வாயே திறக்கவில்லை. அவள் வாயைத் திறக்காமல் இருப்பது அந்த வீட்டில் அபூர்வம் என்பதால் மெக்கானிக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஆனால் வார்டில் மானம் போனது. ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஒரே அடியில் நாலு வரிசை மறைந்தது, ஸ்பீக்கர் கொண்டாட்டமாகக் கூவியது, கூவின வேகத்தில் திரை கறுத்து எல்லாம் முதலிலிருந்து தொடங்கியது. சற்று நேரத்தில் மறுபடியும் அதே கதை.

"உங்களை மாதிரியேங்க" என்றாள் மனைவி. "கொஞ்சம் சந்தோஷம் வந்தா போதும், தூங்கிடுது."

வீட்டுக்கு வந்து அளந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான். தூக்கிப்போடும் சாதாரண செல் ஒவ்வொன்றும் ஒன்றரை வோல்ட் கொடுக்கும். சார்ஜ் ஏற்றும் செல் அவ்வளவு கொடுக்காது. நாலையும் சேர்த்தாலும் பலகை கேட்கும் ஐந்து வோல்ட்டைத் தொடவில்லை. திரையும் ஸ்பீக்கரும் ஒரே நேரத்தில் இழுத்தால் இன்னும் இறங்கியது. பலகைக்கு மயக்கம் வராமல் என்ன செய்யும்? ஊரான் மெஷினுக்கெல்லாம் அளந்து அளந்து போடுகிறவன் தன் வீட்டு வேலையில் இதைக் கோட்டை விட்டுவிட்டான்.

அடுத்த முறை உஷாராக இறங்கினான். காயலான் கடையில் கிடந்த பழைய லேப்டாப் பேட்டரி ஒன்றை வாங்கி உடைத்தான். உள்ளே விரல் தடிமனில் லித்தியம் செல்கள் இருந்தன. மீட்டர் வைத்துப் பார்த்து நன்றாகக் காட்டிய இரண்டை எடுத்தான். வோல்டேஜை ஐந்துக்குத் தூக்கிக் கொடுக்கும் ஒரு குட்டிப் பலகையையும் நடுவில் சேர்த்தான். மேசைமேல் வைத்து ஓடவிட்டால் மாலை முழுக்க ஓடியது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வார்டுக்குக் கொண்டுபோனான்.

அன்று அவள் ஆடிய ஆட்டத்தைப் பார்க்க வேண்டும். சத்தத்தைக் கூட்டி, வெளிச்சத்தைக் கூட்டி, நாக்கின் நுனியை உதட்டோரத்தில் கடித்துக்கொண்டு ஆடினாள். இரண்டாவது மணி நேரம் போனதே தெரியவில்லை. மூன்றாவதும் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அதுவரை தொடாத உயரத்துக்கு எண்ணிக்கை ஏறியது. "பேசாதீங்க, பேசாதீங்க" என்று, பேசாமல் உட்கார்ந்திருந்த கணவனை அதட்டினாள்.

பொட்டென்று திரை அணைந்தது. இந்த முறை திரும்பி வரவில்லை.

அவள் பச்சைப் பொத்தானை இரண்டு தடவை அழுத்திப் பார்த்தாள். டப்பாவை அவன் மடியில் வைத்தாள். "சிஸ்டர், கழட்டிடுங்க" என்றாள். கேலி செய்யவில்லை, திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அவளை நர்ஸ் கவனித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து நாற்காலியிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"அண்ணே, செல்லு எங்க எடுத்தீங்க?"

அந்த இளைஞனை வார்டில் எல்லோரும் ஸ்பார்க் என்றுதான் கூப்பிடுவார்கள். எலக்ட்ரிக் ஸ்கூட்டர்களுக்குப் பேட்டரி கட்டும் பட்டறையில் வேலை. அவன் கையிலும் இரண்டு ஊசிகள், அவன் பக்கத்திலும் ஒரு மெஷின். வழக்கமாகக் காதில் எதையோ மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக் கிடப்பவன், இன்றைக்குத் தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பழைய லேப்டாப்ல இருந்துப்பா. வோல்டேஜ் நல்லாத்தான் காட்டுச்சு."

"வோல்டேஜ் காட்டும்ணே. செத்துப்போற செல்லுகூடக் காட்டும். உள்ள எவ்வளவு சரக்கு இருக்குன்னு மீட்டர் சொல்லாது. நாளைக்கு எங்க பட்டறைக்குக் கொண்டுவாங்க. எனக்கும் இந்த அக்கா பாதியில எழுந்து போறதைப் பாக்கப் பிடிக்கல. அவங்க போனா எனக்கும் போகணும்போல இருக்கு."

மெக்கானிக் மறுநாள் வேலையை மதியத்தோடு முடித்துக்கொண்டு போனான். பட்டறை ஒரு கார் ஷெட் அளவுதான். சுவர் முழுக்கத் தட்டுகள். தட்டு நிறைய முட்டை அடுக்கினதுபோலச் செல்கள். ஸ்பார்க் டப்பாவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்து 'ச்சு' கொட்டினான்.

"செல்லு மேல நேரா ஈயத்தை உருக்கி வச்சீங்களா?"

"வேற எப்படிப்பா ஒட்டுறது?"

"அந்தச் சூடு உள்ள இறங்கினா செல்லு கெட்டுடும்ணே. சமயத்துல தீயே பிடிக்கும். அக்கா மடியில வச்சு ஆடுறாங்க, ஞாபகம் வச்சுக்கங்க."

மெக்கானிக்குச் சுரீர் என்றது. ஸ்பார்க் பேசிக்கொண்டே இரண்டு செல்லையும் பிரித்து ஒரு சோதனைப் பெட்டியில் மாட்டினான். அது சார்ஜை முழுக்க ஏற்றி, பிறகு முழுக்க வடியவிட்டு, உள்ளே உண்மையில் எவ்வளவு இருந்தது என்று சொல்லும். அதற்கு நேரம் பிடிக்கும் என்பதால் மறுநாள் மாலை மறுபடி போக வேண்டியிருந்தது. முடிவைப் பார்த்து ஸ்பார்க் சிரித்தான்.

"ஒருத்தன் பாதி உசுரோட ஓடுறான். இன்னொருத்தன் அவன் முதுகுல ஏறி உக்காந்திருக்கான்."

தட்டிலிருந்து புதுச் செல்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சோதித்து, இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஒத்துப்போகும் இரண்டைத் தேர்ந்தெடுத்தான். மெல்லிய தகட்டை மேலே வைத்து ஒரு கருவியால் தொட்டான். டிக் என்று ஒரு பொறி, தகடு ஒட்டிக்கொண்டது. சூடு ஏறினால், அளவுக்கு மீறி ஏற்றினால், அளவுக்கு மீறி இறங்கினால் தானே துண்டித்துக்கொள்ளும் காவல் பலகை ஒன்றைச் சேர்த்தான். எல்லாவற்றையும் நீல உறைக்குள் போட்டுச் சூடான காற்றடித்துச் சுருக்கினான். பிறந்த குழந்தையைத் துணியில் சுற்றினதுபோல இறுக்கமாக உட்கார்ந்தது.

வேலை நடுவே இரண்டு முறை ஸ்டூலில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டான். அவனுக்கும் அது டயாலிசிஸ் இல்லாத நாளின் களைப்பு. தண்ணீர்கூட அளந்துதான் குடிக்க வேண்டும். தன் உடம்பே இப்படி இருக்கும்போது அடுத்த நாற்காலிக்காரிக்காக உட்கார்ந்து செய்கிறானே என்று மெக்கானிக் பர்ஸை வெளியே எடுத்தான். என்ன கொடுக்க வேண்டும் என்று ஆரம்பித்தான்.

"அவங்களை நான் அக்கான்னு கூப்பிடுறேன். அக்காகிட்ட என்னத்தக் கேக்குறது?"

"அவ அக்கான்னா நான் மாமாதானே? என்னை மட்டும் ஏன் அண்ணேங்கிற?"

ஸ்பார்க் யோசித்தான். "முறை குழம்பிடுச்சு. சரி, மாமான்னே வச்சுக்குவோம். மாமாகிட்டயும் கேக்கக் கூடாது."

இவ்வளவும் ஆன பிறகு வாசலில் வந்து நின்றது வேறு தடை. அடுத்த தடவை டப்பாவோடு போனபோது தலைமை நர்ஸ் வழியிலேயே பிடித்துவிட்டார். கண்ணாடி டப்பாவுக்குள் நீலப் பொட்டலம், சிவப்பும் கறுப்புமாக ஒயர், ஜெராக்ஸ் மெஷினின் பச்சைப் பொத்தான்.

"இது என்னங்க? டைம் பாம் மாதிரி இருக்கு."

"கேம் சிஸ்டர்... விளையாட்டுப் பெட்டி. போன வாரமே கொண்டுவந்தேனே."

"போன வாரம் நான் லீவு. நான் இருந்தா அன்னைக்கே வெளிய வச்சிருப்பேன். இங்க ஆக்ஸிஜன் லைன் போகுது. பத்துப் பதினஞ்சு பேர் எழுந்து ஓட முடியாம மாட்டிக்கிட்டு இருக்காங்க. வீட்டுல செஞ்ச பேட்டரிய நான் எப்படி உள்ள விடுறது, சொல்லுங்க?"

ஸ்பார்க் தன் நாற்காலியிலிருந்து குரல் கொடுத்துப் பார்த்தான். "நீ முதல்ல கையை ஆட்டாதே" என்று அவனுக்கும் விழுந்தது. அன்றைக்கும் மனைவி மூன்றாவது மணி நேரத்தோடு எழுந்துவிட்டாள்.

மெக்கானிக்குக் கோபம் வந்ததுதான். ஆனால் வண்டியை எடுக்கும்போது, தான் ஈயம் வைத்து ஒட்டிய அந்தப் பழைய செல்களை நினைத்துக்கொண்டான். அவை யாரும் தடுக்காமல் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் அவள் மடியில் இருந்தன. வண்டியை நிறுத்திவிட்டு மறுபடி மேலே ஏறிப்போனான்.

"சிஸ்டர், நீங்க சொன்னது சரிதான். யார்கிட்டக் காட்டினா நீங்க நம்புவீங்க?"

தலைமை நர்ஸ் அவனை ஏற இறங்கப் பார்த்தார். குரல் கொஞ்சம் இறங்கியது. "கீழ மெஷின் எல்லாம் பாக்குற இன்ஜினியரம்மா இருக்காங்க. அவங்க சரின்னா எனக்கும் சரி. நானே போன் பண்ணிச் சொல்றேன், போங்க."

இன்ஜினியரம்மா சாப்பாட்டு டப்பாவைத் திறந்து ஒரு வாய்கூட வைக்கவில்லை. செர்ரி டப்பாவைப் பார்த்ததும் மூடி ஓரமாக வைத்துவிட்டார். பிரித்தார், அளந்தார், சூடு பார்க்கும் கருவியைக் காட்டினார். "பேக் கட்டினவர் யாரு? சுத்தமா இருக்கு வேலை" என்றார். பிறகு, "ஆனா டப்பா ஆகாது. கீழ விழுந்தா உடையும். கெட்டியான பெட்டி போடுங்க, ஸ்க்ரூ வச்சு மூடுங்க. ஒரு ஃப்யூஸ் சேருங்க. சார்ஜ் வீட்டுலதான், இங்க கூடாது" என்றார்.

அவர் சொன்னபடியே எல்லாம் செய்து கொண்டுபோய்க் கொடுத்தான். முழு நேரமும் ஓடவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன் என்று வாங்கி வைத்துக்கொண்டார். சாயங்காலம் திரும்பிப் போனால், மேசையில் காகிதங்களைத் தள்ளிவிட்டு அவரே ஆடிக்கொண்டிருந்தார்.

"டெஸ்ட் பண்ணணும்ல" என்றார் தலையைத் தூக்காமல்.

மெஷின்களுக்கு ஒட்டுகிற 'பரிசோதிக்கப்பட்டது' ஸ்டிக்கர் ஒன்றைப் பெட்டியின் முதுகில் ஒட்டிக் கொடுத்தார். தொழில் பழகியபோது வாங்கிய சான்றிதழ்கூட அவனுக்கு அவ்வளவு பெருமையாக இருந்ததில்லை. நன்றி சொல்ல வாயெடுத்தான். "போய் உங்க வீட்டம்மாவ உக்கார வைங்க முதல்ல" என்று அனுப்பிவிட்டார்.

அடுத்த டயாலிசிஸ் அன்று வார்டில் மெக்கானிக்கின் கண் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. கடிகாரத்தையும், திரை ஓரத்தில் பேட்டரி அளவு காட்டும் சின்னக் கட்டத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தது. மனைவி ஆடினாள். ஸ்பார்க், கை அசையாமல் கழுத்தை மட்டும் நீட்டிக்கொண்டு, "அக்கா, அந்த நீளக்கட்டைய ஓரத்துல விடுங்க... ஐயோ, இப்படிப் பண்ணிட்டீங்களே" என்று வர்ணனை செய்தான். "நீ வாயை மூடு, என் கட்டை என் இஷ்டம்" என்றாள் அவள். மூன்றாவது மணி நேரம் தாண்டியது. கட்டத்தில் இன்னும் வெளிச்சம் மிச்சமிருந்தது. எதிர் வரிசைப் பெரியவர் ஒருவர் எவ்வளவு என்று எண்ணிக்கை கேட்டார். ஸ்பார்க் சத்தமாகச் சொன்னான். யாரோ விசிலடித்தார்கள்.

தலைமை நர்ஸ் கையுறை மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"கையை நீட்டும்மா, கழட்டணும்."

"ஏன் சிஸ்டர், நான் ஒண்ணும் கேக்கலையே."

"நீ கேக்கல. நேரம் முடிஞ்சிடுச்சு."

அவள் திரும்பிக் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு கணவனைப் பார்த்தாள். மெக்கானிக் குனிந்து செருப்பின் பக்கிளைச் சரிசெய்தான். அவன் செருப்புக்குப் பக்கிளே இல்லை.

"ஒரே நிமிஷம் சிஸ்டர், இந்தக் கட்டை மட்டும்" என்றாள் அவள்.

"பாத்துக்கங்க, நாலு மணி நேரத்துக்கு மேல கேக்குற முதல் ஆளு இவங்கதான்" என்றார் தலைமை நர்ஸ், வார்டு முழுக்கக் கேட்கும்படி.

அதற்குப் பிறகு அவள் ஒருநாளும் பாதியில் எழவில்லை. வாரங்கள் போகப்போகக் கால் வீக்கம் வடிந்தது. பழைய செருப்பு காலுக்குள் போனது. டயாலிசிஸ் இல்லாத நாட்களில் பேக்கரிக்கு அரை வேளை போக ஆரம்பித்தாள். டாக்டர் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்து, "என்ன சொல்லி வழிக்குக் கொண்டுவந்தீங்க?" என்று மெக்கானிக்கைக் கேட்டார். "நான் ஒண்ணும் சொல்லல டாக்டர்" என்றான். உண்மைதானே.

பெட்டி அவள் ஒருத்தியோடும் நிற்கவில்லை. இரண்டு மணி நேரம் ஆடிவிட்டு ஸ்பார்க்கிடம் கொடுப்பாள், அவன் எதிர் வரிசைப் பெரியவருக்கு அனுப்புவான், நாலாவது மணி நேரத்துக்கு மட்டும் கண்டிப்பாக அவளிடம் திரும்ப வந்தாக வேண்டும். நர்ஸ்கள்தான் கைமாற்றிக் கொடுத்தார்கள். ஸ்பார்க்கால் அவள் எண்ணிக்கையை ஒருமுறைகூட எட்ட முடியவில்லை.

ஒருநாள் ஸ்பார்க்கின் நாற்காலி காலியாக இருந்தது. அடுத்த முறையும் அப்படியே. அந்த வார்டில் காலி நாற்காலியைப் பற்றி யாரும் சத்தமாகக் கேட்பதில்லை. மனைவி பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அதை இயக்காமலே இருந்தாள். பட்டறைக்குப் போன் செய்தால் யாரும் எடுக்கவில்லை. மெக்கானிக் மறுபடி மறுபடி அதே எண்ணை அழுத்தினான்.

தலைமை நர்ஸ் கவனித்துவிட்டு நேரே அவர்களிடம் வந்தார். "ஏன் முகத்தை இப்படி வச்சிருக்கீங்க? உங்க தம்பிக்கு ஆபரேஷன் ஆயிடுச்சு. கூடப் பிறந்த அக்காவே கிட்னி குடுத்திருக்காங்க. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. நாள் குறிச்சதும் சொன்னா நீங்க கவலைப்படுவீங்கன்னு எங்களைச் சொல்ல வேண்டாம்னுட்டான்."

"திருட்டுப் பய" என்றாள் மனைவி. கண்ணைத் துடைக்க ஒற்றைக் கை போதவில்லை, மெக்கானிக் கைக்குட்டையை நீட்டினான்.

மருத்துவர்கள் வெளியாட்களைப் பார்க்கலாம் என்று அனுமதித்த பிறகு இருவரும் ஸ்பார்க்கின் வீட்டுக்குப் போனார்கள். மாடி வீடு. கதவைத் திறந்தது அவனுடைய அக்கா. வயிற்றை லேசாகப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்தாள். ஸ்பார்க் முகக்கவசம் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். முகத்தில் பழைய சாம்பல் நிறம் போயிருந்தது. கையில் ஒரு பெரிய சொம்பு நிறையத் தண்ணீர்.

"பாருங்கக்கா, அளவே கிடையாது!" என்று சொல்லி முகக்கவசத்தை இறக்கி மடக்மடக்கென்று குடித்துக் காட்டினான்.

மெக்கானிக் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தான். உன்னால்தான்ப்பா, நீ அன்றைக்குக் கூப்பிட்டிருக்காவிட்டால், என்றெல்லாம் கோர்வையாக வைத்திருந்தான். எதிரே நின்றதும் அத்தனையும் பறந்துபோனது.

"செல்லு நல்லா இருக்கு" என்றான்.

அறையே சிரித்தது. ஸ்பார்க் வயிற்றுத் தையலைப் பிடித்துக்கொண்டு, "மாமா, சிரிக்க வைக்காதீங்க, பிரிஞ்சிடும்" என்றான்.

நன்றியை ஒழுங்காகச் சொன்னது மனைவிதான். அதுவும் ஸ்பார்க்கிடம் இல்லை. அவன் அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "நீங்க இவனைக் காப்பாத்தினீங்க. இவன் எனக்கு அந்த ஒரு மணி நேரத்தை மீட்டுக் குடுத்தான். அதனால உங்களுக்கும் நான் கடன்பட்டவ" என்றாள். அந்த அக்கா கைகளை விடுவிக்காமலே, "காப்பி குடிக்கிறீங்களா?" என்று கேட்டாள். பிறகு, டயாலிசிஸ்காரியிடம் அப்படிக் கேட்கலாமா என்று பதறினாள். "அரை டம்ளர் எனக்குக் கணக்குல இருக்கு, கொண்டாங்க" என்றாள் இவள்.

ஸ்பார்க் விளையாட்டுப் பெட்டியைக் கேட்டு வாங்கினான். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஆடினான். வார்டில் தோற்றதற்கு ஒற்றைக் கைதான் காரணம் என்று இவ்வளவு நாள் சொல்லிக்கொண்டிருந்தவன், இரண்டு கையோடும் தோற்றான்.

திரும்பும்போது வெயில் தாழ்ந்திருந்தது. மனைவி ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து, அந்த அக்கா எவ்வளவு ஒல்லியாக இருக்கிறாள், மாத்திரையெல்லாம் வேளைக்குச் சாப்பிடுகிறாளோ என்னவோ, அடுத்த வாரம் ஒரு நடை போய்ப் பார்க்க வேண்டும் என்று பேசிக்கொண்டே வந்தாள். சிக்னலில் வண்டி நின்றது.

"கிட்னிக்குக் காத்திருக்கிறவங்க லிஸ்ட்ல என் பேரும் இருக்குங்க" என்றாள் திடீரென்று. "எனக்கும் வரும்ல?"

"வரும்."

"வரட்டும். எப்ப வருதோ வரட்டும். நான் எங்கேயும் போகல."

அவள் இப்படிச் சொல்லி அவன் கேட்டதில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான். ஸ்பார்க், கையுறையோடு வந்து நின்ற தலைமை நர்ஸ், சாப்பாட்டைத் தள்ளிவைத்த இன்ஜினியரம்மா என்று ஒவ்வொரு முகமாக வந்து போயிற்று. எதிரே நிற்கிற ஆட்டோக்காரரையும் சேர்த்து எல்லோருக்கும் ஒரு கும்பிடு போட்டால் தேவலைபோல் இருந்தது. பின்னாலிருந்து அவள் வலது கை அவன் முதுகில் ஒரு குத்து விட்டது.

"பச்சை விழுந்து எவ்வளவு நேரம் ஆச்சு, பின்னாடி ஹாரன் அடிக்கிறாங்க. போங்க!"

அவன் வண்டியைக் கிளப்பினான்.